அனலாக் கணினி ஏன் மறைந்தது, இப்போது எதற்காகத் திரும்பி வருகிறது?

கேள்வி: டிஜிட்டலுக்கு முன்பே அனலாக் கணினிகள் இருந்தனவாமே, அவை ஏன் ஒழிந்தன? ஏஐ சில்லுகளால் அனலாக் மறுபடி வருகிறது என்கிறார்கள். அது டிஜிட்டலை வெல்லுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனலாக் வேகத்தில் தோற்கவில்லை. துல்லியத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்டப் போனால் விலை எகிறிவிடும், அதில்தான் தோற்றது. அந்தக் குறைந்த துல்லியமே போதும் என்கிற வேலைகள் இப்போது மலைபோல் குவிந்திருப்பதால் அதற்கு மறுபடி வாய்ப்பு வந்திருக்கிறது. டிஜிட்டலை வெல்லாது, டிஜிட்டலுக்குள் ஒரு பாகமாக உட்காரும். ஏன் என்பதுதான் சுவாரசியமான பகுதி.

"அனலாக் என்றால் தொடர்ச்சி, டிஜிட்டல் என்றால் 0, 1" என்று பள்ளியில் சொல்லித் தருவது பாதி உண்மைதான். அனலாக் என்ற பெயர் ஒப்புமை என்ற பொருளிலிருந்து வந்தது. ஒரு ஸ்பிரிங்கின் அசைவும் ஒரு மின்சுற்றின் வோல்டேஜும் ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டால், ஸ்பிரிங்குக்குப் பதில் சுற்றைக் கட்டி, வோல்டேஜை அளந்து விடையைப் படித்துக்கொள்ளலாம். அந்த எந்திரம் படிப்படியாகக் கணக்குப் போடுவதில்லை, ஸ்பிரிங் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்கிறது. புரோகிராம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் புரோகிராம். டிஜிட்டலில் ஒரே கூட்டல் சுற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். ஆகவே கணக்கு இரண்டு மடங்கு பெரிதானால் டிஜிட்டலுக்கு இரண்டு மடங்கு நேரம் வேண்டும், அனலாகுக்கு இரண்டு மடங்கு பாகங்கள் வேண்டும்.

அனலாக் எதில் கைதேர்ந்தது என்று பார்க்க ஓதம் கணிக்கும் எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கடல்மட்டம் ஏறி இறங்குவது பல சைன் அலைகளின் கூட்டுத்தொகை. நிலவின் முதன்மை அலைக்கு 12.42 மணி நேரம், சூரியனுடையதற்குச் சரியாக 12 மணி, நாளுக்கு ஒருமுறை வரும் பெரிய அலைகளுக்கு 23.93, 25.82 மணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சிக் காலம் உண்டு. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1870-களின் தொடக்கத்தில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு கிராங்கும் ஒரு கப்பியும் வைத்து எந்திரம் செய்தார். பற்சக்கர விகிதம்தான் சுழற்சிக் காலம், கிராங்கின் நீளம்தான் அலையின் உயரம், அது புறப்படும் கோணம்தான் அலையின் கட்டம். எல்லாக் கப்பிகளையும் சுற்றி ஒரே கம்பி ஓடும். அதன் ஒரு முனையை அசையாமல் கட்டிவிட்டால் மறுமுனையின் அசைவு எல்லா அலைகளின் கூட்டுத்தொகை. அதில் பேனாவை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் ஓர் ஆண்டின் ஓதம் காகிதத்தில் வந்துவிடும். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த 20 அலைகள் கொண்ட எந்திரம் 1879-ல் லண்டனில் உருவானது. 1944-ல் நார்மண்டி தரையிறக்கத்துக்கான ஓதக் கணக்கை ஆர்தர் டூட்சன் இவ்வகை எந்திரங்களில்தான் போட்டார்.

அது வெறும் கூட்டல். பீரங்கிக் குண்டின் பாதை, மின்கட்டமைப்பின் தடுமாற்றம் போன்றவற்றுக்குத் தொகையீடு (இன்டெக்ரேஷன்) செய்யும் கருவி வேண்டும். கெல்வினின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் 1876-ல் அதற்கு வழி சொன்னார். பின்னால் வந்த எளிய வடிவம் இது: கிடையாகச் சுழலும் ஒரு தட்டின் மேல் ஒரு சிறு சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் தட்டின் மையத்தில் இருந்தால் சுழலாது, விளிம்பை நோக்கி நகர நகர வேகமாகச் சுழலும். மையத்திலிருந்து தள்ளியிருக்கும் தூரத்தை ஒரு மாறியாகவும் தட்டின் சுழற்சியை இன்னொரு மாறியாகவும் எடுத்துக்கொண்டால், சக்கரம் மொத்தம் சுழன்ற அளவு தொகையீட்டின் மதிப்பு. யோசனை அழகானது. ஆனால் சக்கரம் தட்டின் மேல் வெறும் உராய்வில் நிற்கிறது. அதன் அச்சில் அடுத்த எந்திரத்தின் சுமையை மாட்டினால் வழுக்கிவிடும், வழுக்கிய கணமே விடை தப்பு. இந்த ஒரு தடையால் யோசனை அரை நூற்றாண்டு தூங்கியது.

எம்ஐடியில் வன்னேவர் புஷ் 1931-ல் ஆறு தொகையீட்டுக் கருவிகளோடு ஓடவைத்த டிஃபரன்ஷியல் அனலைசரில் இந்தத் தடை நீங்கியது. மோட்டார் எப்போதும் சுழற்றிக்கொண்டே இருக்கும் உருளையில் ஒரு பட்டையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்கள். ஒரு முனையை மெல்ல இழுத்தாலே பட்டை உருளையை இறுக்கிப் பிடிக்கும், உருளையின் பலத்தில் மறுமுனை பெரிய சுமையை இழுக்கும். கப்பல் தளத்தில் நங்கூரக் கயிற்றை இழுக்க உதவும் அதே தந்திரம்தான். சக்கரத்துக்குச் சுமை தெரியாது, வழுக்காது.

இந்த எந்திரத்தை இயக்கும் வேலைக்கு 1936-ல் சேர்ந்த மாணவர் கிளாட் ஷானன். அதன் ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) சுற்றுகளை ஆராய்ந்தபோதுதான் அவற்றை உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளைக் கையாளும் பூலியன் இயற்கணிதத்தால் எழுதலாம் என்று கண்டார். டிஜிட்டல் சுற்றுவடிவமைப்பின் அடித்தளம் அப்படி ஓர் அனலாக் எந்திரத்தின் பக்கத்தில் பிறந்தது. 1941-ல் அவரே அனலாக் எந்திரத்தால் எந்தெந்தச் சார்புகளை உருவாக்க முடியும் என்ற கோட்பாட்டையும் எழுதினார். இரு கட்சி என்று நாம் பிரித்துப் பேசுவது பிற்காலப் பழக்கம்.

போர் வந்ததும் போட்டி கூர்மையானது. 60 வினாடி பறக்கும் ஒரு குண்டின் பாதையைக் கைக்கணக்கு எந்திரத்தோடு ஒருவர் போட 20 மணி நேரம் ஆகும், டிஃபரன்ஷியல் அனலைசருக்கு 15 நிமிடம், அமெரிக்காவின் மின்னணு டிஜிட்டல் கணினி எனியாக்குக்கு 30 வினாடி. எனியாக் சுமார் 18,000 வால்வுகளோடு 1945-ல் முடிந்து 1946 பிப்ரவரியில் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. இந்த மூன்று எண்களைப் பார்த்து "டிஜிட்டல் வேகத்தில் ஜெயித்தது" என்று முடிவுகட்டுபவர்கள் அடுத்து வந்ததைக் கவனிப்பதில்லை. அனலாக் அதற்குள் எந்திரவியலை விட்டு மின்னணுவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1941-ல் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஸ்வார்ட்செல் உருவாக்கிய வால்வு பெருக்கிக்கு 1947-ல் ஜான் ரகாசினியும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை 'ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபையர்' என்று பெயர் தந்தது. கணித ஆபரேஷன் செய்வதால் அந்தப் பெயர். இன்று எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் ஆப்-ஆம்ப் அனலாக் கணினிக்காகப் பிறந்த பாகம். 1950-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஃபில்பிரிக் நிறுவனம் அதை ஒரு சிறிய செருகு பெட்டியாகவே விற்றது. 1950, 60-களில் ஏவுகணை, விமானம், அணு உலை ஆகியவற்றின் நடத்தையை அதே நேரத்தில் காட்டிக்கொடுக்க மின்னணு அனலாக்குக்கு ஈடு இருக்கவில்லை. இந்தியாவிலும் வரிசை இதுதான். 1953-ல் கல்கத்தா புள்ளியியல் கழகத்தில் சமரேந்திர குமார் மித்ரா 10 மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் மின்னணு அனலாக் கணினியைச் செய்தார். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் பம்பாயில் உருவான டிஜிட்டல் கணினி டிஃப்ராக் 1960-ல்தான் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

இதற்கு மேல் வரலாற்றை வாசிப்பதைவிட ஒரு சுற்றைக் கட்டிப் பார்ப்பது மேல். அனலாக்கின் பலமும் பலவீனமும் பிரெட்போர்டில் ஒரு மாலைக்குள் தெரிந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோன ஒரு காரின் ஒரு மூலை: நிறை 300 கிலோ, ஸ்பிரிங் மீட்டருக்கு 20,000 நியூட்டன், தணிப்பு வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 490 நியூட்டன். இதன் இயல்பு அதிர்வெண் வினாடிக்கு 8.16 ரேடியன், தணிப்பு விகிதம் 0.1.

வேண்டியவை: ஒரு டிஎல்074 ஐசி (இதற்குள் நான்கு ஆப்-ஆம்ப்கள்), கூட்டல் கழித்தல் 15 வோல்ட் சப்ளை, 0.1 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் இரண்டு, 1% மெட்டல் ஃபிலிம் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஐந்து, 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துருவப் புஷ் ஸ்விட்ச், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஐசியின் சப்ளை கால்களில் போட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் இரண்டு. எல்லா ஆப்-ஆம்ப்களின் கூட்டல் (+) உள்ளீடும் தரையில்.

முதல் ஆப்-ஆம்ப் தொகையீட்டுக் கருவி: கழித்தல் (−) உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே கெப்பாசிட்டர். உள்ளே முடுக்கம் போனால் வெளியே திசைவேகம் எதிர்க்குறியோடு வரும். அதை 100 கிலோ ஓம் வழியாக இரண்டாம் தொகையீட்டுக் கருவிக்குக் கொடுத்தால் இடப்பெயர்ச்சி வரும். மூன்றாவது ஆப்-ஆம்ப் இரண்டு 100 கிலோ ஓம்களோடு குறியை மட்டும் மாற்றும். அதன் வெளியீட்டை 100 கிலோ ஓம் வழியாக முதல் கருவிக்குத் திருப்பினால் அதுதான் ஸ்பிரிங். தணிப்புக்கு முதல் கருவியின் சொந்த வெளியீட்டையே பொட்டென்ஷியோமீட்டரின் மேல்முனைக்குக் கொடுத்து, கீழ்முனையைத் தரையில் கட்டி, நடுக்காலை மீதமுள்ள 100 கிலோ ஓம் வழியாக அதே கருவியின் கழித்தல் உள்ளீட்டில் சேருங்கள். குறி ஏற்கனவே சரியாக இருப்பதால் இங்கே தனி மாற்றி வேண்டாம். பொட்டை 0.2-ல் வையுங்கள், அதாவது தணிப்பு விகிதத்தின் இரு மடங்கு. நான்காவது ஆப்-ஆம்பைச் சும்மா விடக் கூடாது. அதன் வெளியீட்டைக் கழித்தல் உள்ளீட்டோடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அலைந்து இரைச்சல் கிளப்பும்.

ஸ்விட்சின் ஒரு துருவம் அழுத்தியிருக்கும்போது பேட்டரியை இரண்டாம் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே சேர்க்கும், நேர்முனை வெளியீட்டுப் பக்கம். மற்றத் துருவம் முதல் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் 100 ஓம் வழியாக இணைத்து அதைக் காலியாக்கும். காரை 9 சென்டிமீட்டர் இழுத்து அசையாமல் பிடித்திருப்பதற்கு இது சமம், ஏனென்றால் 10 வோல்ட்டை 10 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறோம். விட்டதும் ஆசிலோஸ்கோப்பில் ஆட்டம் வரும். சுழற்சிக்கு 63.1 மில்லிவினாடி, ஒவ்வொரு சுழற்சியிலும் உயரம் முந்தியதில் 53%. சுற்றின் அதிர்வெண் வினாடிக்கு 100 ரேடியன் என்பதால் இது நிஜக் காரை விட 12.25 மடங்கு வேகத்தில் ஓடுகிறது.

எங்கே தப்பும்? பொட்டை மட்டும் தனியாக அளந்து 0.2 வைத்துவிட்டுப் பிறகு 100 கிலோ ஓமை மாட்டினால் சுமையால் அது சுமார் 1.6% இறங்கிவிடும். ரெசிஸ்டர் மாட்டிய நிலையிலேயே மேல்முனைக்கு 10 வோல்ட் கொடுத்து நடுக்காலில் 2.00 வோல்ட் வரும்படி திருப்ப வேண்டும். அனலாக் கணினி இயக்குபவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். தொகையீட்டுக்குச் சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் போட்டால் அதன் கொள்ளளவே வோல்டேஜைப் பொறுத்து மாறும், எலக்ட்ரோலிடிக்கை நினைக்கவே வேண்டாம். பழைய 741 ஐசி போட்டால் அதன் 80 நானோஆம்பியர் உள்ளீட்டு மின்னோட்டம் தனியாக நிற்கும் தொகையீட்டுக் கருவியை வினாடிக்கு 0.8 வோல்ட் நகர்த்தும். டிஎல்074-ல் அந்த மின்னோட்டம் பிகோஆம்பியரில்தான், ஆனால் உள்ளீட்டிலேயே இருக்கும் 3 மில்லிவோல்ட் பிழை (ஆஃப்செட்) வினாடிக்கு 0.3 வோல்ட் நகர்த்திவிடும். ஒரு நிமிடத்துக்குள் கருவி கூரையில் முட்டி நிற்கும். எந்த மாறியாவது 10 வோல்ட்டைத் தாண்டினால் விடை குப்பை. 1 வோல்ட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் இந்தப் பிழைகளின் பங்கு பத்து மடங்காகிவிடும். எனவே ஒவ்வொரு மாறியின் உச்ச அளவையும் முன்கூட்டியே ஊகித்து அளவீடு அமைக்க வேண்டும். விடை தெரிவதற்கு முன்பே விடையின் அளவு தெரிய வேண்டும் என்கிற இந்த நிபந்தனைதான் அனலாக் புரோகிராமரின் நிஜமான வேலை. பிரெட்போர்டு வேண்டாம் என்பவர்களுக்கு 'தி அனலாக் திங்' என்ற சிறு பலகை உண்டு. ஐந்து தொகையீட்டுக் கருவிகளோடு 10 வோல்ட் அளவில் இயங்குகிறது.

இதே சமன்பாட்டைக் கணினியில் எளிய ஆய்லர் முறையில், ஒரு சுழற்சிக்குச் சுமார் 63 படிகள் வைத்துப் போட்டுப் பாருங்கள். உயரம் சுழற்சிக்கு 53% ஆக வேண்டியது 73% ஆக வரும். பிரெட்போர்டு சுற்று இதைவிட எவ்வளவோ சரி! ஆனால் டிஜிட்டலில் நாலு வரி சேர்த்து நான்காம்படி ரூங்கே-குட்டா முறைக்கு மாறினால் பிழை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அனலாக்கில் பிழையைக் குறைக்க அதைவிட நல்ல கெப்பாசிட்டர் வாங்க வேண்டும். அப்படிக் கடையில் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. உச்சக் காலத்தின் மிகச் சிறந்த அனலாக் கணினிகளின் பாகங்களே 0.01% துல்லியம்தான், அதாவது ஏறக்குறைய 13 பிட்.

இதற்கு அடியில் இயற்பியல் இருக்கிறது. 1 பிகோஃபாரட் கெப்பாசிட்டரில் அறை வெப்பநிலையின் இரைச்சல் சுமார் 64 மைக்ரோவோல்ட். அதைப் பாதியாக்க, அதாவது ஒரு பிட் கூடுதல் துல்லியம் பெற, கெப்பாசிட்டரை 4 மடங்காக்க வேண்டும், ஆற்றலும் 4 மடங்காகும். 16 பிட்டிலிருந்து 26 பிட்டுக்குப் போக அனலாக் 10 லட்சம் மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். டிஜிட்டல் பெருக்கிக்கு அது சுமார் 2.6 மடங்கு. நேர்மாறாக, 4 முதல் 8 பிட் போதும் என்கிற இடத்தில் அனலாக்கின் செலவு தலைகீழாகக் கீழே போகிறது. 1970-களில் மினி கணினிகள் மலிந்ததும் அனலாக் மறைந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கூடவே ஒயர் மாற்றும் சிரமமும் சேர்ந்துகொண்டது. ஒரு கணக்கைக் கழற்றி அடுத்ததை மாட்ட மணிக்கணக்கில் ஆகும்.

இனி இன்றைக்கு வருவோம். ஏஐயின் அடித்தளமான நரம்பு வலைப்பின்னல்களில் பெரும்பாலான வேலை, பயிற்சியில் கற்ற எண்களான எடைகளால் பெருக்கிக் கூட்டுவது. அதற்கு 8 பிட், பல இடங்களில் 4 பிட் போதும். 2014-ல் மார்க் ஹோரோவிட்ஸ் தந்த கணக்குப்படி 45 நானோமீட்டர் சில்லில் ஓர் 8 பிட் பெருக்கலுக்குச் சுமார் 0.2 பிகோஜூல். வெளியே இருக்கும் டிராம் (DRAM) நினைவகத்திலிருந்து 64 பிட் எடுத்துவர 1,300 முதல் 2,600 பிகோஜூல். ஓர் 8 பிட் எடைக்குப் பிரித்தால் குறைந்தது 160. பெருக்கலைவிட எடையைத் தூக்கிவருவதற்கு 800 மடங்கு செலவு!

எடையை நகர்த்தாமல் இருந்த இடத்திலேயே பெருக்கினால்? குறுக்கும் நெடுக்குமான கம்பிகளின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மாற்றக்கூடிய மின்தடை, அதன் கடத்துதிறன்தான் எடை. வரிசையில் வோல்டேஜைக் கொடுத்தால் ஓம் விதி பெருக்கிவிடும், பத்தியில் சேரும் மின்னோட்டங்களைக் கிர்க்காஃப் விதி கூட்டிவிடும். 256-க்கு 256 அடுக்கில் 65,536 பெருக்கல்கள் ஒரே வீச்சில். எதிர்மறை எடைக்கு இரண்டு மின்தடைகளின் வித்தியாசம். 2023-ல் ஐபிஎம் இத்தகைய 64 அடுக்குகளை ஒரே 14 நானோமீட்டர் சில்லில் காட்டியது. 2024-ல் பெங்களூரு ஐஐஎஸ்சி ஆய்வாளர்கள் மூலக்கூறுப் படலத்தில் 16,520 வெவ்வேறு கடத்துநிலைகளைப் பதிக்க முடியும் என்று காட்டினார்கள். அது 14 பிட். இந்தத் துறையில் அது உண்மையிலேயே பெரிய தாவல்.

தடைகளும் பழைய பிரெட்போர்டின் தடைகளேதான், அளவு மட்டும் சின்னது. கம்பியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 1 ஓம், ஒவ்வொரு சந்திப்பிலும் 10 மைக்ரோஆம்பியர் என்று வைத்தால் 256 கட்டங்களின் முடிவில் வோல்டேஜ் இழப்பு 0.33 வோல்ட், படிக்கும் வோல்டேஜே பெரும்பாலும் அவ்வளவுதான். ஆகவே சந்திப்பின் மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியருக்குக் கீழே போக வேண்டும், அப்போது இரைச்சல் நெருங்கி வரும். எடைகளைப் பதிக்கப் பயன்படும் ஒரு வகையான நிலைமாற்ற நினைவகத்தில் (ஃபேஸ் சேஞ்ச் மெமரி) கடத்துதிறன் தானாகவே நழுவும். நழுவலின் அடுக்குக்குறி (காலத்தின் எந்தப் படியில் குறைகிறது என்பது) 0.05 என்றால் எழுதி ஒரு வினாடியில் இருந்த மதிப்பு ஒரு நாள் கழித்து 57% ஆகிவிடும். எல்லாவற்றையும் பொதுவான ஓர் எண்ணால் பெருக்கி ஈடுகட்டலாம், ஆனால் ஒவ்வொரு செல்லும் சற்றே வேறு வேகத்தில் நழுவுவதை ஈடுகட்ட முடியாது. கடைசியில் பத்தியின் மின்னோட்டத்தை மறுபடி எண்ணாக்க வேண்டும். 8 பிட் உள்ளீட்டை 8 பிட் எடையால் பெருக்கி 256 முறை கூட்டினால் முழு விடைக்கு 24 பிட் வேண்டும். 8 பிட் மாற்றி அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காப்பாற்றும். அதைவிட நுட்பமான மாற்றி வைத்தால் மிச்சம் பிடித்த ஆற்றலை அதுவே தின்றுவிடும்.

அதனால் என் கணிப்பு இதுதான். எடைகள் மாறாத சின்ன மாதிரிகளுக்கு, பேட்டரியில் ஓடும் கேமரா, காதுகேள் கருவி, அதிர்வு உணரி போன்றவற்றில், அனலாக் அடுக்குகள் நிலைத்துவிடும். பெரிய மொழிமாதிரிகளில் அப்படியே நடக்கும் என்று நம்பவில்லை. 700 கோடி எடைகளுக்கு 256-க்கு 256 அடுக்குகள் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும், எல்லாம் நிரந்தரமாகச் சில்லிலேயே இருக்க வேண்டும். தவிர, சொற்களுக்கு இடையிலான தொடர்பை எடைபோடும் அட்டென்ஷன் கணக்கில் ஒவ்வொரு சொல்லுக்கும் புதிய அணி உருவாகிறது. எழுத நேரமெடுத்து, எழுத எழுதத் தேயும் நினைவகத்தில் அதைச் செய்வது வீண். பயிற்சிக்கு இன்னும் துல்லியம் வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: லாபத்தின் பெரும்பங்கு எடையை நகர்த்தாததால் வருகிறது, அனலாக்கால் அல்ல. சில்லுக்குள்ளேயே இருக்கும் எஸ்ராம் (SRAM) நினைவகத்தின் நடுவிலேயே டிஜிட்டல் பெருக்கியை வைத்தாலும் அதில் பெரும்பகுதி கிடைக்கும். அனலாக்குக்கு இன்றைய நிஜப் போட்டியாளர் அதுதான். வேறு வகைச் சமன்பாடுகளுக்கான அனலாக் துணைச்சில்லுகள், ஒளியால் கணக்கிடும் சில்லுகள் எல்லாமும் இதே இரைச்சல் கணக்குக்கு உட்பட்டவை.

அடுத்த முறை புதிய அனலாக் சில்லு பற்றிய அறிவிப்பைப் படிக்கும்போது மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள். சொல்லப்படும் ஆற்றலில் அனலாக்கை எண்ணாக்கும் மாற்றிகளும் சேர்ந்திருக்கின்றனவா? துல்லியம் எடைகளை எழுதிய எத்தனை நாளுக்குப் பின், எந்த வெப்பநிலையில் அளந்தது? ஒப்பிட்ட டிஜிட்டல் சில்லு எத்தனை நானோமீட்டர் தலைமுறை? மூன்றாவது எண் பழைய தலைமுறையாக இருந்தால் முதலிரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.